எம்ஜிபியா, டிஆர் 6-ஆ? குனிந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கேட்டவர் மதுரைக்காரத் தம்பி. இப்போது நாட்டிங்ஹாமில் வேலை பார்க்கிறார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, எழுபதுகளின் பிரிட்டிஷ் ஓபன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரு எம்ஜிபியும் ஒரு டிரையம்ஃப் டிஆர் 6-உம் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்து வைத்திருக்கிறார். "டிஆர் 6 தான் நிஜமான ஸ்போர்ட்ஸ் கார், எம்ஜிபி சும்மா அழகுக்கு என்கிறார்கள் அண்ணா. அந்தக் காலத்தில் எது உசத்தி? இப்போது வாங்கினால் எது நல்லது?" இதுதான் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் சாலையில் டிஆர் 6 வேகமான வண்டி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாக யோசித்துச் செய்த வண்டி எம்ஜிபி. இன்று நீங்கள் வாங்க வேண்டியதும் எம்ஜிபிதான். குரோம் பம்பர் வைத்தது, முடிந்தால் ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ளது. இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன வொர்க்ஷாப்பில் இருபது வருஷத்துக்கு மேல் இந்த இரண்டு வண்டிகளின் அடியிலும் படுத்து வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எஞ்சினை வைத்து இவற்றை ஒப்பிட ஆரம்பிப்பவர்கள் தப்பான இடத்தில் ஆரம்பிக்கிறார்கள். வித்தியாசம் அடியில் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. இரண்டுமே நமக்குத் தெரிந்த குடும்பத்து வண்டிகள். அம்பாசிடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ். அதே பி-சீரிஸை 1798 சிசிக்குப் பெரிதாக்கி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர் மாட்டினால் அது எம்ஜிபி எஞ்சின். அம்பாசிடர் ஹெட்டைக் கழற்றிப் பழகிய எந்த மெக்கானிக்கும் எம்ஜிபி பானெட்டைத் திறந்தால் திகைக்க மாட்டார். டிரையம்ஃப் பக்கம் நம் ஊர் உறவு இன்னும் நெருக்கம். மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961-லிருந்து செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டேதான். அதன் 948 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின் எந்த வம்சமோ, டிஆர் 6-ன் ஆறு சிலிண்டர் எஞ்சினும் அந்த வம்சம். ஹெரால்டை வரைந்த இத்தாலியர் ஜியோவான்னி மிகெலோட்டிதான் டிஆர் 4-ஐயும் வரைந்தார்.

எங்கள் பெரியப்பா தாம்பரத்தில் ஒரு ஹெரால்டு வைத்திருந்தார். அதில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே பிளக் கழற்றலாம். பத்து வயதில் அப்படி உட்கார்ந்து பார்த்தபோதுதான் கீழே சேஸ் என்று தனியாக ஒரு அடிச்சட்டம் இருப்பதையும், பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதையும் முதன்முதலில் பார்த்தேன். டிஆர் 6-ஐப் புரிந்துகொள்ள அந்தப் படம் ஒன்று போதும்.

டிஆர் வரிசை 1953-ல் டிஆர் 2-வில் தொடங்கியது. சேஸ் தனி, பாடி தனி என்ற பழைய முறை. 1961-ல் டிஆர் 4 வந்தபோது மேலே மிகெலோட்டியின் புதுப் பாடி, கீழே அதே முறை. 1965-ல் டிஆர் 4ஏ-வில் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுக்க சேஸை மாற்றி அமைத்தார்கள். 1967-ல் டிஆர் 5, அதில் 2498 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின். அடுத்ததற்குப் புது முகம் வேண்டியிருந்தது. மிகெலோட்டிக்கு அப்போது நேரம் இல்லை. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் இருந்த கார்மன் நிறுவனம் அந்த வேலையை எடுத்துக்கொண்டு, மூக்கையும் வாலையும் மட்டும் புதிதாக வரைந்து, அதற்கான அச்சுகளையும் செய்து கொடுத்தது. கதவும் முன் கண்ணாடியும் நடுப் பகுதியும் 1961-ஆம் வருஷத்து டிஆர் 4-ஐச் சேர்ந்தவை. 1969 ஜனவரியில் அறிமுகமான டிஆர் 6 இப்படிப் பிறந்ததுதான். பக்கவாட்டில் நின்று கதவை மட்டும் பாருங்கள், பிறகு மூக்கையும் வாலையும் பாருங்கள். இரண்டு கை வரைந்தது தெரியும். ஆனாலும் அந்த வெட்டப்பட்ட வால் அத்தனை கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. குறைந்த காசில் ஒரு பழைய வண்டியை இவ்வளவு அழகாகப் புதுப்பித்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

எம்ஜிபிக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற சின்ன ஊரில் எம்ஜி தொழிற்சாலை. அங்கே தலைமை இன்ஜினியர் சிட் எனவர், பாடியை வரைந்தவர் டான் ஹேட்டர். இதற்கு முந்தைய எம்ஜிஏ-வில் தனி சேஸ் இருந்தது. 1962-ல் வந்த எம்ஜிபியில் அதை ஒழித்துவிட்டார்கள். தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாகச் சேர்த்து வெல்டு செய்து, பாடியையே எலும்பாக்கினார்கள். கூரை உள்ள வண்டியில் இதைச் செய்வது சுலபம். கூரையும் சேர்ந்து சுமையைத் தாங்கும். கூரையே இல்லாத வண்டியில் முறுக்கு முழுவதையும் தரைப்பகுதிதான் தாங்க வேண்டும். அதற்காக முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியை நல்ல ஆழமாக அமைத்தார்கள். அதைத்தான் சில் என்கிறோம். எம்ஜிபியின் உயிர் அந்த சில்லில் இருக்கிறது.

இதனால் கிடைத்த லாபம் என்ன? எம்ஜிஏ-வின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், 94 அங்குலம், எம்ஜிபிக்கு 91. வண்டி குட்டையானது, ஆனால் உள்ளே இடம் கூடியது. ஆறடி ஆள் ஒருவர் எம்ஜிபியில் காலை நீட்டி உட்காரலாம். சீட்டுக்குப் பின்னால் பை வைக்கலாம், டிக்கி உபயோகமான டிக்கி. 1965-ல் இதே பாடிக்கு பினின்ஃபரீனா ஒரு கூரை வரைந்து கொடுத்தது. அந்த எம்ஜிபி ஜிடி, பின்பக்கம் தூக்கித் திறக்கும் கதவோடு, ஒரு குடும்பமே ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் வண்டியாகிவிட்டது. ஒரே அடித்தளத்திலிருந்து இத்தனை கிடைத்ததற்குக் காரணம் 1962-ல் எடுத்த அந்த ஒரு முடிவு.

டிஆர் 6-ல் எம்ஜிபி கிட்டவே வர முடியாத ஒன்று உண்டு, எஞ்சின். நீளமான அந்த ஆறு சிலிண்டர், பிரிட்டனில் விற்ற வண்டிகளில் லூகாஸ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷனோடு வந்தது. பந்தய வண்டிகளில் பழகிய முறை அது. எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டிலிருந்து ஓடும் ஒரு மீட்டரிங் யூனிட், ஆறு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பெட்ரோலை அளந்து அனுப்பும். ஆரம்ப வண்டிகளுக்கு 150 எச்பி என்று சொன்னார்கள். எம்ஜிபியின் நாலு சிலிண்டருக்கு 95. பூஜ்யத்திலிருந்து 60 மைல் வேகத்துக்கு டிஆர் 6 எட்டு வினாடிக்குச் சற்று மேல் எடுக்கும். எம்ஜிபிக்குப் பதினொன்றைத் தாண்டும். டிஆர் 6 மணிக்கு ஏறக்குறைய 120 மைல் தொடும். எம்ஜிபி 105-ல் மூச்சு வாங்கும். உங்கள் நண்பர்கள் சொல்வது இதைத்தான், அதில் தவறில்லை.

சத்தத்தையும் சொல்லியாக வேண்டும். காலையில் குளிர்ந்த டிஆர் 6-ஐ ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் கொஞ்சம் குதிக்கும், தும்மும். அந்தக் கேம்ஷாஃப்ட் அப்படி. மூவாயிரம் ஆர்பிஎம் தாண்டியதும் துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு ஒலி வரும். அதைக் கேட்டபிறகு எம்ஜிபியின் சைலன்சர் சத்தம் உங்களுக்கு ஒன்றும் செய்யாது. டிஆர் 6-காரர்கள் அந்த ஒலிக்காகத்தான் மீதி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. டிஆர் 6 என்ற பெயரில் உலகத்தில் இரண்டு வண்டிகள் இருந்தன. தொண்ணூறாயிரத்துக்கு மேல் செய்ததில் பிரிட்டனில் விற்றது எட்டாயிரத்துச் சொச்சம்தான். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டுக்கு லூகாஸ் இன்ஜெக்ஷன் ஒத்துவராததால், அங்கே போன வண்டிகளில் இரண்டு ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர்தான், எச்பி நூறைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. எம்ஜிபிக்கும் அதற்கும் அங்கே பெரிய இடைவெளி இல்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்று சொல்வதும் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று சொல்வதும் முட்டிக்கொள்வது இதனால்தான். பழைய ஒப்பீடு எதைப் படித்தாலும் எந்த ஊர் வண்டியை ஓட்டினார்கள் என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் கூட 1973 மாடலிலிருந்து மிதமான கேம்ஷாஃப்ட் போட்டு, அளவிடும் முறையும் மாறி, கணக்கு 125 எச்பிக்கு இறங்கியது. ஓட்டுவதற்கு அந்தப் பிந்தைய வண்டி சாதுவானது, ஊருக்குள் தும்மாது. அமெரிக்காவிலிருந்து திரும்ப இறக்குமதியாகி, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி, இங்கே விற்கிற வண்டிகள் ஏராளம். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற டிஆர் 6 எந்த வகை என்று கேட்டீர்களா?

ஓட்டுகிற சுகத்தைப் பற்றி என் கணிப்பு பலருக்குப் பிடிக்காது. நேர் சாலையில் டிஆர் 6, வளைவில் எம்ஜிபி. எம்ஜிபியின் பின்பக்கம் பழைய முறைதான்: ஒரே ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். காகிதத்தில் பார்த்தால் டிஆர் 6-ன் தனித்தனி பின் சஸ்பென்ஷன் ஒரு தலைமுறை முன்னே இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் வேறு கதை. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டிஆர் 6-ன் பின்பக்கம் உட்காரும், மூக்கு தூக்கும். பின்சக்கரங்களுக்குப் போகும் டிரைவ்ஷாஃப்ட்டில், நீளம் கூடிக் குறைய வசதியாகப் பல் வைத்த ஒரு இணைப்பு உண்டு. முழு பவரில் அந்தப் பற்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சஸ்பென்ஷன் அசைய முடியாது. வளைவின் நடுவே காலை எடுத்தால் பிடி விட்டு, வண்டியின் பின்பக்கம் சட்டென்று ஒரு வெட்டு வெட்டும். பழகியவர்களுக்கு அது விளையாட்டு. ஈரமான சாலையில் முதல் முறை அனுபவிப்பவருக்கு வயிறு கலங்கும். எம்ஜிபியில் இப்படி எந்தத் திடுக்கிடலும் கிடையாது. வழுக்கப் போகிறது என்றால் இரண்டு வினாடி முன்னாலேயே ஸ்டியரிங்கில் சொல்லிவிடும். எடையும் காரணம்: எம்ஜிபி டிஆர் 6-ஐ விட நூற்றைம்பது கிலோ அளவுக்கு லேசு.

அழகுக்கு மட்டும்தான் எம்ஜிபி என்பவர்களிடம், பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லெ மான் பந்தயத்தின் 1963 கதையைச் சொல்லுங்கள். பந்தய ஓட்டுநர்கள் பாடி ஹாப்கிர்க்கும் ஆலன் ஹட்சிசனும் நீள மூக்கு வைத்த ஒரு எம்ஜிபியில் இறங்கினார்கள். ஆரம்பத்திலேயே ஹட்சிசன் முல்சான் வளைவில் மணலில் சிக்கிவிட்டார். வெளியாள் யாரும் உதவக் கூடாது என்பது விதி. ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியாக மணலைத் தோண்டி வண்டியை வெளியே எடுத்தார். அதற்குப் பிறகும் இருபத்து நாலு மணி நேரத்தை முடித்து, மொத்தத்தில் பன்னிரண்டாவது இடம், தங்கள் வகுப்பில் முதல் இடம். மறு வருஷம் மான்டி கார்லோ ராலியில் மார்லி சகோதரர்கள் எம்ஜிபியில் ஜிடி பிரிவை வென்றார்கள். கடையில் விற்கிற வண்டியிலிருந்து அதிகம் விலகாத வண்டிகள் அவை.

பிறகு நடந்ததுதான் வருத்தம். எம்ஜியை வைத்திருந்த பிஎம்சி ஒரு பக்கம், டிரையம்ஃபை 1961-ல் வாங்கியிருந்த லேலாண்ட் மறுபக்கம். 1968-ல் எல்லாம் ஒன்றாகி பிரிட்டிஷ் லேலாண்ட் ஆனது. நேற்றுவரை போட்டி போட்ட இரண்டு வண்டிகளும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன, வீட்டின் சாவியோ லேலாண்ட்காரர்கள் கையில். புது ஸ்போர்ட்ஸ் காருக்கான காசு டிரையம்ஃபுக்குப் போய், 1975-ல் டிஆர் 7 ஆனது. எம்ஜிக்கு ஒன்றும் இல்லை. எம்ஜிபி 1962-ன் உடம்போடு 1980 வரை ஓட வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் பம்பர் சட்டம் வந்தபோது, 1974-ன் பிற்பகுதியில், எம்ஜிபிக்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, விளக்கு உயர விதிக்காக வண்டியையே ஒன்றரை அங்குலம் அளவுக்குத் தூக்கினார்கள். செலவைக் குறைக்க, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். 1977 மாடலில்தான் திரும்பக் கொடுத்தார்கள். அந்த இடைப்பட்ட வண்டி வளைவில் படகு மாதிரி சாயும். எம்ஜிபி மந்தம் என்ற பெயரில் பாதி அந்த இரண்டு வருஷத்து வண்டி சம்பாதித்துக் கொடுத்தது. அதே காலத்தில் இதே வீட்டில் அருமையான விடை ஒன்று இருந்தது: ரோவரின் 3528 சிசி அலுமினிய வி8. எடை அந்த இரும்பு நாலு சிலிண்டரை ஒட்டியே வரும். கென் காஸ்டெல்லோ என்பவர் தன் சொந்த வொர்க்ஷாப்பில் அதை எம்ஜிபிக்குள் பொருத்திக் காட்டிய பிறகே நிறுவனம் விழித்துக்கொண்டது. 1973-லிருந்து 1976 வரை 2591 எம்ஜிபி ஜிடி வி8 செய்தார்கள். அமெரிக்காவில் விற்கவே இல்லை. அதை அங்கே விற்றிருந்தால் டிஆர் 6-ஐப் பற்றி நாம் இப்போது இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்பது என் உறுதியான எண்ணம். 137 எச்பி, 1798 சிசி வண்டியின் அதே எடைச் சமநிலை. ஒரு முறை ஒரு வாடிக்கையாளரின் வி8-ஐ மழையில் டெர்பிஷயர் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்குப் புரிந்தது எனவர் செய்த உடம்பு எவ்வளவு தாங்கும் என்று.

இனி, நீங்கள் கையில் பணத்தோடு போய் நிற்கப்போகிற இடம். இதுதான் உங்களுக்கு முக்கியம்.

எம்ஜிபியில் பெயின்ட்டையும் சீட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சில்தான் முதல். அது துருப்பிடித்தால் எலும்பு போனது என்று அர்த்தம். வெளியே புதுத் தகடு போட்டு மூடி, பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சில் என்பது ஒரு தகடு இல்லை. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் ஒரு நீளக் கட்டை என்று அடுக்கடுக்காக இருக்கும். மேல்தகடு மட்டும் மாற்றினால் அது வெறும் முகமூடி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. சில வருஷத்துக்கு முன் ஒருவர் வாங்கப்போகும் எம்ஜிபியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். சிவப்பு வண்டி, கண்ணாடி மாதிரி பெயின்ட், விற்பவர் மிகவும் தன்மையான ஆள். கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தேன், சீராக இருந்தது. அவர் அனுமதியோடு ஜாக்கியைப் பக்கவாட்டில் அதற்குரிய இடத்தில் வைத்து மெதுவாக ஏற்றினேன். சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்னாலேயே கதவு இடைவெளி நெருங்க ஆரம்பித்தது. சுண்டுவிரல் நுழைந்த இடத்தில் இப்போது நகம் மட்டும் நுழைந்தது. கதவைத் திறந்தேன், திறந்தது. மூடப் பார்த்தேன், பூட்டு போய்ச் சேரவில்லை. ஜாக்கியை இறக்கியதும் ஒன்றும் நடக்காதது போல் 'டப்' என்று மூடிக்கொண்டது. வண்டி நடுவில் மடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அங்கிருந்து கிளம்பிவிட்டோம். ஏற்றியபிறகும் கதவு இடைவெளி அசையாமல் இருக்கும் எம்ஜிபி கிடைத்தால், எஞ்சினிலிருந்து புகை வந்தாலும் பேச ஆரம்பிக்கலாம். அந்த எஞ்சினைப் புதுப்பிப்பது சில் வேலையை விட மலிவு.

எம்ஜிபிக்கு இன்னொரு பெரிய பலம், உதிரிபாகம். 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, முழு எம்ஜிபி பாடியையே புதிதாக அடித்து விற்க ஆரம்பித்தது. 1992-ல் ரோவர் நிறுவனமே அந்த உடம்பை அடிப்படையாக வைத்து எம்ஜி ஆர்வி8 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த வண்டி என்பதால் கதவுக் கைப்பிடியிலிருந்து எஞ்சினின் கிராங்க் (சுழல்தண்டு) வரை தபாலில் வந்துவிடும். எஸ்யூ கார்புரேட்டரை டியூன் செய்ய ஒரு முழம் ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை முதல் கார்புரேட்டரின் வாயில் வைத்தால் சீறல் கேட்கும், அடுத்ததிலும் அதே சீறல் கேட்கும்வரை திருகுங்கள். ஒரு சனிக்கிழமையில் கற்றுக்கொள்வீர்கள்.

டிஆர் 6 பார்க்கப் போனால் சோதனைகள் வேறு. பாடி துருப்பிடித்தாலும் சேஸ் நன்றாக இருந்தால் பிழைக்கும். ஆகவே சேஸின் பின்பகுதியை, பின் சஸ்பென்ஷன் கை பொருந்தும் இடத்தை, ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அழுக்கும் ஈரமும் தங்கும் இடம் அது. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் பிராக்கெட்டுகள் சேஸிலிருந்து விரிசல் விடுவது இந்த வண்டியின் பிறவிக் குணம். கிளட்சை விடும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு அடி கேட்டால் அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். நன்றாகப் பலப்படுத்தி வெல்டு செய்திருந்தால் கவலையில்லை.

அடுத்தது இந்த எஞ்சினின் ரகசிய வியாதி. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க அரைவட்டமாக இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் உண்டு. ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் கிராங்க் அவற்றை அழுத்தும். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் ஒன்று நழுவி ஆயில் சம்பில் விழுந்துவிடும். அப்புறம் கிராங்கே எஞ்சின் பிளாக்கை உரசி அரைக்கும். பிளாக்கே வீண். வெளியிலிருந்து எந்தச் சத்தமும் முன்கூட்டி வராது. ஆனால் கண்ணால் பார்க்கலாம்: ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் குனிந்து ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது அசைவதே தெரியக் கூடாது. மிதிக்க மிதிக்க புல்லி முன்னால் வந்து போவது தெரிந்தால் வாங்காதீர்கள், அல்லது விலையில் ஒரு எஞ்சின் வேலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

இன்ஜெக்ஷனைப் பற்றிப் பயமுறுத்துகிற கதைகளில் முக்கால்வாசி பம்பைப் பற்றியவை. டிக்கியில் உட்கார்ந்திருக்கும் அந்த லூகாஸ் பம்பின் மோட்டார் வைப்பர் மோட்டாரிலிருந்து பிறந்தது. சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் அழுத்தம் கொடுக்க அது படாத பாடு படும். கோடையில், டேங்கில் பெட்ரோல் குறைந்த நேரத்தில் சூடேறி, எஞ்சின் திணறும். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வாங்கி பம்ப் மேல் வைத்து வீடு போய்ச் சேர்ந்தவர்கள் இங்கே உண்டு. இப்போது பெரும்பாலானவர்கள் பாஷ் நிறுவனத்தின் பம்ப் போட்டுவிட்டார்கள், அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. மீட்டரிங் யூனிட்டைச் சரியாகப் புதுப்பித்து அளவு வைத்துக் கொடுத்தால் வருஷக்கணக்கில் தொட வேண்டாம். ஆனால் அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு, அவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும், கூலியும் அதற்கேற்றபடி. வீட்டு வாசலில் வைத்து நீங்களே பார்த்துக்கொள்ள முடியாது. முதல் பழைய வண்டி வாங்குகிறவருக்கு நான் எம்ஜிபியைச் சொல்வதற்கு, சில்லுக்கு அடுத்த காரணம் இதுதான்.

செலவுப் பக்கம் இரண்டுக்கும் ஒரே சலுகை: நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு இங்கே சாலை வரியும் கிடையாது, எம்ஓடி என்ற வருடாந்திர சாலைத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. கட்டாயமில்லாவிட்டாலும் சோதனைக்குக் கொண்டுபோங்கள், பிரேக்கை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. 2021-லிருந்து பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது ஈ10 பெட்ரோல். அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களைத் தின்றுவிடும். சூப்பர் பெட்ரோல் போடுங்கள், வாங்கிய வாரமே ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஓவர்டிரைவ் இல்லாத வண்டி மோட்டார்வேயில் உங்கள் காதைச் செவிடாக்கும், அதனால்தான் அதை முதலிலேயே சொன்னேன்.

பிந்தைய டிஆர் 6 ஒன்று, சேஸ் பலப்படுத்தி, த்ரஸ்ட் வாஷர் மாற்றிய பில்லோடு, நீண்ட நாள் ஒரே உரிமையாளர் கையில் இருந்தது என்றால் என்னைக் கூப்பிடுங்கள், மறுபடி பேசுவோம். அப்படி ஒன்று கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வராது. அதுவரை எம்ஜிபியைத் தேடுங்கள். எதைப் பார்க்கப் போனாலும் மழை பெய்யாத பகலில் போங்கள், பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது தகடா பட்டியா என்று பார்க்க மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம், ஒரு டார்ச், பழைய பாய் அல்லது அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். நீங்கள் புல்லியைப் பார்க்கும்போது கிளட்சை மிதிக்க ஒரு ஆள் வேண்டும்.